கூட வந்தவர்

அவரிடம் எதைக் கேட்டாலும் பதில் வரும். கேட்டது அவரை இல்லை என்றாலும் வரும். ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் ஆயா ஏதோ ஒரு பெண்ணிடம் எத்தனையாவது மாதம் என்று கன்னடத்தில் கேட்பார். வரிசையில் நாலு பேருக்குப் பின்னால் நிற்கும் இவர் அந்தப் பெண்ணின் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆறு முடிந்து ஏழு என்று கன்னடத்திலேயே சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். முதலில் எனக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு அதுவே காரணம்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள். கல்யாணமாகி வாணியம்பாடியிலிருந்து பெங்களூருக்கு வந்த எனக்கு, கண்டோன்மெண்ட் பக்கம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் தற்காலிக வேலை கிடைத்திருந்தது. கர்ப்பமாக இருக்கும் பெண்களில் யாருக்கு மனச்சோர்வு இருக்கிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள டாக்டர்கள் ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தார்கள். மொத்தம் பத்துக் கேள்விகள். தமிழ்க்காரப் பெண்களிடம் அதைப் படித்துக் கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு எண் போட வேண்டும். பூஜ்யம் என்றால் கவலையில்லை. கூட்டிய எண் ஒரு அளவைத் தாண்டினால் மனநல டாக்டரிடம் அனுப்ப வேண்டும். கேள்விகளை யாரோ புத்தகத் தமிழில் எழுதியிருந்தார்கள். ‘வருங்கால நிகழ்வுகளை ஆவலுடன் எதிர்நோக்குகிறீர்களா’ என்று அச்சடித்திருக்கும். நான் அதை, ‘நாளைக்கு இன்னது செய்யணும்னு ஆசை வருதாம்மா’ என்று மாற்றிக் கேட்பேன்.

வேலையில் சேர்ந்த அன்று எங்கள் டாக்டரம்மா ஒன்றை அழுத்திச் சொன்னார். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் கேட்க வேண்டும்; பதில் சொல்ல யார் முந்துகிறார்களோ அவர்கள் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ள வேண்டும். இதை எனக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டியதில்லை. நான் அம்மாவுக்கு எழுதும் இன்லண்ட் கடிதங்களை நீராவியில் காட்டிப் பிரித்துப் படித்த நாத்தனார் எனக்கும் ஒருத்தி இருந்தாள்.

அவர் வந்ததும் நாத்தனாராகத்தான். தம்பி மனைவி அமுதாவுக்கு அப்போது ஐந்தாவது மாதம். இருபது வயதுப் பெண், வட்ட முகம், வாயைத் திறப்பதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும். இவருக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். ஒல்லி, நல்ல உயரம். சேலைத் தலைப்பில் ஊக்குப் போட்டு, தோள்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றார். நான் அமுதாவின் பெயரைக் கேட்டேன். இவர் சொன்னார். வயதைக் கேட்டேன். இவர் சொன்னார். வெளியே போகச் சொல்வதற்குள் என் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்து, முதல் கேள்விக்கே பதிலை ஆரம்பித்துவிட்டார். சிரிக்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

"சிரிப்பா மேடம். ஆனா மத்தவங்க சிரிச்சு முடிச்ச அப்புறம் சிரிப்பா. நாம பாக்கறோம்னு தெரிஞ்சாதான் சிரிப்பா."

அதோடு நிற்கவில்லை. தூங்குகிறாளா என்றால் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள், மூச்சைக் கேட்டால் தூங்காதது தெரிகிறது என்றார். பசிக்கிறதா என்று தாளில் இல்லாத கேள்வியைத் தானே கேட்டுக்கொண்டு, தட்டில் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுகிறாள் என்று அதற்கும் பதில் சொன்னார். அமுதா தரையைப் பார்த்தபடி புன்னகையோடு உட்கார்ந்திருந்தாள். நான் எழுந்து கதவைத் திறந்து, நீங்கள் வெளியே இருங்கள் என்றேன். போகும்போது என் ரவிக்கைக் கையில் தொங்கிய ஒரு நூலைப் பார்த்தார். பையிலிருந்து குட்டிக் கத்தரியை எடுத்து, என்னைக் கேட்காமலே அதை வெட்டினார். பிறகுதான் போனார். ஒரு கார்மெண்ட்ஸில் செக்கிங் செக்‌ஷனில் வேலை பார்ப்பவர் என்று அமுதா சொன்னாள். தைத்து வரும் சட்டைகளைத் திருப்பிப் போட்டுப் பிசிறும் ஓட்டையும் பார்த்து ஒதுக்குவது அவர் வேலை.

தனியாக இருந்தபோது அமுதா எல்லாக் கேள்விக்கும் நன்றாகத்தான் பதில் சொன்னாள். தூக்கம் வருகிறது, அழுகை வருவதில்லை, பயம் ஒன்றும் இல்லை. செத்துப்போகலாம் என்று தோன்றியதுண்டா என்ற கடைசிக் கேள்விக்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தாள் முழுக்க பூஜ்யம் போட்டேன். வெளியே வந்ததும் அவர் என்னைத் தாழ்வாரத்தில் மறித்தார்.

"நல்லா இருக்கேன்னு சொல்லியிருப்பா. அதை எழுதிக்காதீங்க மேடம்."

அவள் சொன்னதைத்தான் எழுதுவேன், நீங்கள் சொல்வதை அல்ல என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குள்ளே எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது என்று தேடுவது போல இருந்தது அந்தப் பார்வை. தம்பி மனைவிக்குப் பைத்தியப் பட்டம் கட்டி அடக்கி வைக்கப் பார்க்கிறாள் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். அப்படி நடந்த கதைகளை அந்த ஆஸ்பத்திரியில் நான் கேட்டிருக்கிறேன்.

அதன்பிறகு அவரைப் பற்றித் தெரியவந்த ஒவ்வொன்றும் அந்த முடிவுக்குத் தோதாகவே இருந்தது. ஆறாம் மாதப் பரிசோதனைக்கு வந்தபோது சத்து மாத்திரை அட்டை அமுதாவிடம் இல்லை. இவர் தன் பையிலிருந்து அதை எடுத்து, ஒரே ஒரு மாத்திரையைக் கிள்ளிக் கொடுத்து, முழுங்கும்வரை வாயைப் பார்த்துவிட்டு அட்டையைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். பாத்ரூம் போகிறேன் என்று அமுதா எழுந்தால் இவரும் எழுந்தார். எடை பார்க்கும் நர்ஸ் அமுதாவிடம் பேச்சுக் கொடுத்தால் நடுவில் புகுந்தார்.

அவர்கள் குடியிருந்தது அல்சூரில், ஏரிக்குப் பின்பக்கத் தெருவில். ஒரே வாசலுக்குள் எதிரும் புதிருமாக ஆறு வீடுகள் இருக்கும் இடம். அதே வாசலில் குடியிருந்த இன்னொரு பெண்ணும் எங்களிடம் பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்தாள். அவளிடம் மெதுவாக விசாரித்தேன். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பாத்ரூம் கதவுத் தாப்பாளைக் கழட்டிட்டாங்க மேடம். ஸ்க்ரூவோட. அந்தப் பொண்ணை அடுப்புக்கிட்டயே விடறதில்ல. ரெண்டு மாசமா வேலைக்கு ரஜா மேல ரஜா போட்டுட்டு வாசப்படியிலயே உக்காந்திருக்காங்க. பாக்கவே பேஜாரா இருக்கு."

அமுதாவின் புருஷன் லாரி டிரைவர். பம்பாய் லைனில் ஓடுகிறவன், இருபது நாளைக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவான். தம்பியை வளர்த்தது அக்காதான். கல்யாணமான வருடமே திரும்பி வந்துவிட்டவர் அவர் என்றும், தம்பி அவர் பேச்சைத் தட்டமாட்டான் என்றும் அந்தப் பெண்தான் சொன்னாள். கேட்கக் கேட்க எனக்கு எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றது. டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். வீட்டுக்கு ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

ஏழாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை போனேன். என்னைப் பார்த்து அவர் ஆச்சரியப்படவில்லை. உட்காரச் சொல்லி டீ போட்டார். வீடு துடைத்து வைத்தது போல இருந்தது. அதாவது, ஒரு வீட்டில் சாதாரணமாகக் கண்ணில் படும் பல சாமான்கள் அங்கே இல்லை. மண்ணெண்ணெய் டின் இல்லை. அரிவாள்மணையை எங்கிருந்தோ எடுத்து வந்து, வெங்காயம் நறுக்கியதும் திரும்பக் கொண்டுபோய் எங்கோ வைத்தார். வாசற்படிக்குக் குறுக்கே ஒரு பாய் சுருட்டி வைத்திருந்தது. அங்கேதான் படுப்பேன், காற்று வரும் என்றார். நான் கேட்கவே இல்லை.

பக்கத்து வீட்டில் குழாய்த் தண்ணீர் வந்துவிட்டது என்று யாரோ கூப்பிட, குடத்தை எடுத்துக்கொண்டு அவர் எழுந்தார். போகும்போது வீட்டுக் கதவை நன்றாகத் திறந்து வைத்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போனார். நான் அமுதாவின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, அடிக்கிறாங்களா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். சாப்பாடு போடுகிறார்களா என்றேன். போடுகிறார்கள் என்றாள். அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். பிறகு அந்தச் சிரிப்பு மாறாமலே சொன்னாள்.

"என்னை எங்கம்மா வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்க மேடம். இங்க ஒரு நிமிஷம்கூடத் தனியா விடமாட்டேங்கிறாங்க."

தாய்வீடு ஆனேக்கல். பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். முதல் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். வளைகாப்பு முடிந்தும் அனுப்பாமல் வைத்திருக்கிறாள் என்றால் வேறென்ன காரணம் இருக்க முடியும்? ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்று பக்கம் எழுதினேன். ‘நாத்தனாரின் கட்டுப்பாட்டில் இருக்கிறார்’ என்ற வரிக்குக் கீழே கோடும் போட்டேன். அடுத்த பரிசோதனையின்போது டாக்டரம்மா அவரைக் கூப்பிட்டு, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புங்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். லாரியிலிருந்து வந்திருந்த தம்பியும் கூட இருந்தான். டாக்டரே சொல்கிறார் என்றதும் அவன் அக்காவைப் பார்க்காமல் தலையாட்டினான்.

அவர் டாக்டரம்மாவிடம் ஒன்றும் பேசவில்லை. என்னிடம்தான் வந்தார்.

"அங்க அவங்கம்மா காலையில பூ பறிக்கத் தோட்டத்துக்குப் போனா சாயங்காலம்தான் வருவாங்க. வீட்ல ஒருத்தரும் இருக்கமாட்டாங்க."

நிம்மதியாக இருப்பாள் என்றேன். அப்படிச் சொன்னபோது எனக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். என் நாத்தனாரிடம் சொல்ல முடியாமல் போனதை இவரிடம் சொல்லிவிட்ட சந்தோஷம் அது.

அமுதா போன பதினேழாம் நாள் அது நடந்தது. ஆனேக்கல் வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகல் நேரத்தில் அவள் சாகப் பார்த்தாள். எப்படி என்று எழுதப்போவதில்லை. பிழைத்ததற்குக் காரணம், அந்த நேரத்தில் இவர் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டியதுதான். திறக்கவில்லை என்றதும் தெருவில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கதவை உடைத்திருக்கிறார். வாடகைக் காரில் ஓசூருக்குப் போவதா பெங்களூருக்கு வருவதா என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது பெங்களூர் என்று முடிவெடுத்ததும் அவர்தான்.

எனக்கு மறுநாள் காலையில்தான் தெரிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். போகலாமா வேண்டாமா என்று வெகுநேரம் குழம்பிவிட்டுப் போனேன். வார்டுக்கு வெளியே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். கூந்தல் அவிழ்ந்து கிடந்ததை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. குழந்தைக்கு இதயத் துடிப்பு இருக்கிறது, அமுதா கண்ணைத் திறந்துவிட்டாள் என்று நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்.

நேற்று வேலை நாளாயிற்றே, எப்படிச் சரியாக அந்த நேரத்துக்குப் போனீர்கள் என்று கேட்டேன். உண்மையைச் சொன்னால், அப்போதும் என் சந்தேகம் முழுதாகப் போயிருக்கவில்லை. அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்.

"காலையில வேலைக்குக் கிளம்பறப்ப எங்க தெருமுனைக் கடைக்கு ஃபோன் பண்ணினா மேடம். அண்ணி சாப்பிட்டீங்களா, முட்டிவலி எப்படி இருக்குன்னு ஒண்ணொண்ணா விசாரிச்சா. ரொம்ப நல்லாப் பேசினா. அவ அப்படிப் பேசி ஆறு மாசம் ஆச்சு. ஃபோனை வெச்சதும் பஸ் ஏறிட்டேன்."

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றதையும் சொன்னார். நாலாம் மாதத்திலேயே அமுதா தன் கொலுசைக் கழற்றிப் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போட்டுவிட்டாளாம். கல்யாணச் சேலையை மடித்து, இதைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சாதாரணமாகச் சொன்னாளாம். குழந்தைக்குத் துணி தைக்கலாம் என்று இவர் கார்மெண்ட்ஸிலிருந்து வெட்டுத் துணிகள் கொண்டுவந்தால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லையாம். அன்றைக்குத்தான் பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றியிருக்கிறார். தம்பியிடம் சொன்னால் மசக்கை என்றான். அமுதாவின் அம்மாவிடம் சொன்னால் கண்ணேறு என்றார். ஆஸ்பத்திரியில் இதற்கென்றே கேள்வி கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் எங்களிடம் கூட்டி வந்திருக்கிறார்.

நான் என்னவோ சொல்லி மன்னிப்புக் கேட்க முயன்றேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

"அவ சொன்னதைத்தானே எழுதினீங்க. அது சரி. என்மேல ஏன் சந்தேகம் வந்துச்சு உங்களுக்கு?"

உங்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருந்தது என்றேன். பொய் எதுவும் வாயில் வரவில்லை. அவர் வார்டுக் கதவுப் பக்கம் திரும்பினார்.

"அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும், இல்ல?" என்றார்.

பின்னால் அமுதாவைப் பார்த்த மனநல டாக்டரிடம் இதையே வேறு மாதிரி கேட்டேன். அந்தக் காவல் அவளைக் காப்பாற்றியதா, நோயை அதிகமாக்கியதா? இரண்டும் நடந்திருக்கலாம் என்றார் அவர். தாழ்ப்பாளைக் கழற்றிய அன்றே யாராவது அவளை ஒரு டாக்டரிடம் காட்டியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். காட்டத்தான் கூட்டி வந்தார்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

அமுதாவுக்கு மாத்திரையும் பேச்சுமாக வைத்தியம் நடந்தது. ஒன்றரை மாதம் கழித்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே பெண் குழந்தை பிறந்தது. எடை குறைவு, மற்றபடி நல்ல சுகம். குழந்தைக்கு மூன்று மாதமானபோது தடுப்பூசி போட வந்தவள், தானாகவே என் அறைக்கு வந்து உட்கார்ந்தாள். முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு இல்லை. அது இல்லாமல் பார்க்க அவள் தெளிவாக இருந்தாள். அன்று கேட்ட கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லியிருந்தால் அண்ணியிடம் சொல்லிவிடுவீர்கள் என்று பயந்தேன் என்றாள். யாரிடமும் சொல்லமாட்டோம் என்று நான் அன்றைக்கே சொல்லியிருந்தேன். ஆனால் சாத்திய கதவுக்குக் கீழே அண்ணியின் நிழல் தெரிந்துகொண்டே இருந்ததாம்.

அவர்கள் ஓசூருக்குக் குடிபோகிறார்கள் என்றும் அன்றுதான் சொன்னாள். புருஷன் லாரியை விட்டுவிட்டு அங்கே ஒரு ஃபேக்டரியில் வண்டி ஓட்டப் போகிறான். அண்ணியும் வருகிறார்களா என்றேன்.

"அவங்க இல்லேன்னா நானும் இல்ல, இவளும் இல்ல மேடம். தெரியும். ஆனா அவங்க என்னைப் பாக்கறப்பல்லாம் செத்துட்டேனான்னு பாக்கற மாதிரியே இருக்கு. என்னால முடியல."

மடியிலிருந்த குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். நன்றி கெட்டவள் என்று அவளை நினைக்க எனக்குத் தோன்றவில்லை. அவரை நினைத்துத்தான் சங்கடமாக இருந்தது.

வருடங்கள் போயின. ஆஸ்பத்திரியில் என் வேலை நிரந்தரமானது. கேள்வித்தாளில் ஒரே ஒரு மாற்றம் செய்தோம். பெண்ணிடம் தனியாகக் கேட்டு முடித்த பிறகு, அவள் சம்மதித்தால், கூட வந்தவரையும் தனியாக அழைத்து அவர் கண்ணில் பட்டது என்ன என்று கேட்போம். அதற்குள் சின்னச் சின்னச் சண்டைகள் நிறைய. மாமியார்கள் புகுந்து பேசிவிடுவார்கள் என்று டாக்டரம்மா வெகுநாள் ஒத்துக்கொள்ளவில்லை. சிலர் அப்படிப் பேசவும் செய்தார்கள். யாரை நம்புவது என்ற குழப்பம் எனக்கு இன்றுவரை தீரவில்லை. இரண்டு பேரையும் கேட்டுவிட்டு, இரண்டு பேர் மேலும் கொஞ்சம் சந்தேகம் வைத்துக்கொள்கிறேன்.

ஆறேழு வருடம் கழித்து ஒருநாள் அமுதாவின் அண்ணி மறுபடி வந்தார். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. கார்மெண்ட்ஸில் கூட வேலை செய்யும் ஒரு சின்னப் பெண்ணுக்குத் துணையாக வந்திருந்தார். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டேன். அவர் வாயைத் திறக்காமல் நின்றார். அந்தப் பெண் பேசி முடித்துப் போனதும் அவரை உள்ளே அழைத்தேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். இந்தப் பெண்ணைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை, வேலை நேரத்தில் அழுதாள், ஆனால் அழுது முடித்ததும் டீ வாங்கிக் குடித்தாள் என்றார். எழுதிக்கொண்டேன்.

அமுதாவைப் பற்றிக் கேட்டேன். குழந்தை பள்ளிக்கூடம் போகிறதாம். அமுதா ஒரு டெய்லர் கடையில் வேலை செய்கிறாளாம். தம்பி ஃபோனில் சொல்வான் என்றார். நீங்கள் போய்ப் பார்ப்பதில்லையா என்றேன்.

"போன வருஷம் போனேன். அண்ணி, பாப்பாவை நானே அங்க கூட்டிட்டு வரேன், நீங்க வராதீங்கன்னா. நல்லாத்தான் இருக்கேன்னா."

நம்புகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கையிலிருந்த பையின் வாரை இரண்டு முறை முறுக்கிவிட்டு நிமிர்ந்தார்.

"நம்பல மேடம். ஆனா போறதில்ல."

எழுந்து வெளியே போய், அந்தப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.